பதிவில் இல்லாத அப்பா

கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. நாற்பது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெருவில் சின்னதும் பெரிசும் அவளைக் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடும். மாடி வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அம்மா வாய் ஓயாதவள். தண்ணீர் வரவில்லை என்றால் குழாயையே நிற்கவைத்துத் திட்டுவாள். அப்பா பேச்சை எடுத்தால் மட்டும் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும்.

"உனக்கு மூணு வயசுல லாரி மோதிப் போயிட்டார். நாம அப்ப இருந்த ஊர்லயே அடக்கம் பண்ணிட்டாங்க. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' போதும் என்றே வளர்ந்தாள். கண் டாக்டர்தான் கிளறிவிட்டார். அவள் கண்ணில் அழுத்தம் கூடியிருந்தது. பரம்பரையாக வரக்கூடியது, அப்பாவுக்கு இருந்ததா என்று கேட்டார். அப்பா இறந்த தேதிகூடத் தெரியாதவள் என்ன சொல்வாள்?

அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஓர் இணையதளம் இருந்தது. பெயரைப் போட்டால் அடக்கமான தேதியும் வரிசையும் கல்லின் படமும் வரும். சாப்பாட்டு இடைவேளையில் கடையின் பின்னறையில் உட்கார்ந்து தேடினாள். அதே பெயரில் சிலர் வந்தார்கள். ஒன்று கைக்குழந்தை, இன்னொருவர் அவள் பிறப்பதற்கு முன்பே போனவர். எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டும் அப்பா கிடைக்கவில்லை.

விசாரிப்பதற்கென்று தளத்தில் ஒரு பக்கம் இருந்தது. கேட்டால் உள்ளூர்க்காரர்கள் யாராவது நேரில் போய்த் தேடிப் படம் எடுத்துப் போடுவார்களாம். அப்பாவின் பெயர், தன் பெயர், போன் நம்பர் எல்லாம் எழுதினாள். நம்பிக்கையான ஆள் என்று தெரியட்டுமே என்று கடையின் பெயரையும் சேர்த்தாள்.

வாரம் திரும்புவதற்குள் பதில் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை.

'எல்லா வரிசையும் நடந்து பார்த்தேன். அவர் இங்கே இல்லை. உங்கள் இடது முழங்கைக்கு மேலே பழைய தீக்காயத் தழும்பு இருக்கிறதா?'

அவள் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். வெந்நீர் கொட்டிய தழும்பு என்று அம்மா சொல்லியிருந்தாள். எப்போதும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள். கடையில் ஒருத்தரும் அதைப் பார்த்ததில்லை.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டியதும் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"கடைப் பேரைப் போட்டியா?"

"போட்டேன். ஏம்மா?"

"போன் நம்பரு?"

"அதையும்தான். என்னன்னு சொல்லு."

"அவர் சாகலடி." அம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அது வெந்நீர் இல்ல, இஸ்திரிப் பெட்டி. என் மேல இருந்த கோவத்துல உன் கையில வச்சார். மறுநாளே உன்னைத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன். எங்க போனாலும் தேடி வந்து ரெண்டு பேரையும் முடிச்சிடுவேன்னு சொல்லிட்டே இருப்பார். செத்துட்டார்னு சொன்னா நீ தேட மாட்டேன்னு நெனச்சேன்."

தளத்தில் தான் எழுதியதை மகள் உடனே அழித்தாள். படிக்கக் கூடாதவர் படித்தாயிற்று, இனி அழித்து என்ன?

தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வர ஆரம்பித்தது. எடுத்தால் மூச்சு மட்டும் கேட்கும். கடைக்கு வயதான ஆண் யார் வந்தாலும் அவர்தானோ என்று பார்த்தாள். ஃப்ரேமுக்கு அளவெடுப்பதும் அவள்தான், முகத்துக்கு நேரே குனிய வேண்டிய வேலை. அப்பாவின் முகமோ நினைவில்லை. ஒரு பெரியவருக்கு அளக்கும்போது ஸ்கேல் நழுவி விழுந்தது.

"என்னம்மா, என் மூஞ்சி அவ்வளவு பயங்கரமாவா இருக்கு?"

அவர் சிரித்தார். அவள் அவருடைய தாடையில் தன் ஜாடை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா ஜன்னலைத் திறப்பதை நிறுத்தினாள். போலீஸுக்குப் போகலாம் என்றால், "போய் என்னன்னு சொல்லுவ? செத்துப்போன அப்பா மெசேஜ் அனுப்பறார்னா?" என்றாள்.

ஒரு மதியம் முதலாளி பின்னறைக்குள் எட்டிப் பார்த்தார். "உன் பேரைச் சொல்லி யாரோ கேக்கறாங்க."

மெஷினை நிறுத்தினாள். திரையை விலக்கிப் பார்த்தால் நின்றிருந்தது ஒரு பெண், அவளைவிட இளையவள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"போன் பண்ணது நான்தான். உங்க குரலைக் கேட்டதும் பேச்சு வரல. நான் அவரோட ரெண்டாவது சம்சாரத்துப் பொண்ணு."

"அவர் எங்க?" என்றாள் இவள், வாசலைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

"படுக்கைல. பக்கவாதம். நீங்க எழுதினது அவருக்குத் தெரியாது, தெரியவும் விட மாட்டேன். எங்கம்மாவை அந்தத் தோட்டத்துலதான் அடக்கம் பண்ணியிருக்கு. பாக்கப் போறப்போ மத்தவங்க கேக்கற கல்லையும் படம் எடுப்பேன். நீங்க கேட்டது எங்கப்பா பேரு. உயிரோட இருக்கற ஆளை அங்க தேடறாங்களேன்னு ஒண்ணும் ஓடல, அதே பேர்ல வேற யாரோன்னு எல்லா வரிசையும் நடந்து பாத்தேன். அப்புறம்தான், மூத்தவ ஒருத்தி இருந்தா, அவ இடது முழங்கைக்கு மேல சுட்டார்னு அம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு."

"உனக்கு?"

"எனக்கு முதுகுல."

அப்பாவின் கண்ணைப் பற்றியும் கேட்டாள். அவருக்கும் அழுத்தம் உண்டு, சொட்டு மருந்து போடுவதே தான்தான் என்றாள் இளையவள்.

வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அம்மா கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

"நிஜமாவே நடக்க மாட்டாரா?"

"மாட்டார்மா."

"யாராவது கூட்டிட்டு வந்தா?"

"கூட்டிட்டு வர என்னை விட்டா யாரும் இல்ல."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எப்படிடி அவர்கூட ஒரே வீட்டுல இருக்க?"

"அவர் இருமினாலே எனக்கு இன்னும் உடம்பு தூக்கிப் போடுதும்மா. வேற யார் பாப்பா?"

"அதுக்குன்னு ஆள் வச்சிருக்கற இடம் இருக்கு. அங்க விடு. நீ இங்க வந்துடு."

இளையவளுக்கு அதைச் செய்ய வெகு நாளாயிற்று. அவரை அங்கே விட்டுவிட்டு வந்தவள் இப்போது அவர்களோடுதான் இருக்கிறாள். அழைப்பு மணி அடித்தால் மூவரும் இன்னமும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். தனியாகப் போய் யாரும் கதவைத் திறப்பதில்லை.