ஷெட்டில் நின்ற வண்டிக்குப் பேட் தேய்ந்த கதை

கார் வாங்குகிறவர்கள் மைலேஜைக் கேட்பார்கள், கலரைக் கேட்பார்கள், ஏசி ஜில்லென்று வருமா என்று கேட்பார்கள். பிரேக் பேடைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள், அது வாயைத் திறந்து கத்துகிற வரைக்கும்.

அறந்தாங்கியில் ஊரைத் தாண்டினதும் ரோட்டோரமாக இருக்கிறது என் ஒர்க்‌ஷாப். முன் சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே பளபளவென்று ஒரு டிஸ்க் இருக்கும். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற சின்னத் துண்டுதான் பேட். இருபது வருஷமாக இதைக் கழற்றி மாட்டுகிறேன். பேட் தேய்கிறதோ இல்லையோ, அதை மாற்றச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்துவிட்டது. கார் வைத்து அவதிப்படுகிற உங்களுக்கு இதைச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

ஹாரன் எதற்கு?

கோட்டைப்பட்டினத்தில் மீன் வியாபாரம் பார்க்கிற ஒருவர் வந்தார். அவர் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. டீக்கடையில் டம்ளரைப் பிடித்திருந்தவர்கள் எல்லாரும் காதைப் பொத்தினார்கள். மனிதர் மட்டும் சிரித்த முகமாக இறங்கி, “ஆயில் மட்டும் மாத்துங்கண்ணே” என்றார்.

கேட்காமலேயே சக்கரத்தைக் கழற்றினேன். கடல் காற்றில் உப்பேறி, பேடை நகர விடுகிற கம்பி இறுகிப் போய், உள்பக்கப் பேட் பூராவும் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது. கையில் எடுத்துக் காட்டி, இப்படியே போனால் வண்டி நிற்காது என்று பயமுறுத்தினேன். அவர் பயப்படவில்லை, வருத்தப்பட்டார்.

“இந்தச் சத்தம் வந்ததுலேருந்து நான் ஹாரனே அடிக்கலண்ணே. ஆடு மாடு, பஞ்சாயத்து தலைவர் எல்லாம் தானா ஒதுங்குது. அதப் போயி நிறுத்துறேங்கிறீங்களே?”

பாஸ் மார்க்

ஆவூரிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருவர். மகள் விரட்டி விட்டதால் பிரேக்கைக் காட்ட வந்தார். நான் பேடை வெளியே எடுத்ததும் சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து அவரே அளந்தார். புதுசில் பத்து மில்லிமீட்டர் இருக்கும், இப்போது மூன்றரைதான் இருக்கிறது, மூன்றுக்கு வந்தால் கட்டாயம் மாற்ற வேண்டும், ஊருக்குத் திரும்புகிற தூரமும் அதிகம், இப்போதே மாற்றிவிடலாம் என்றேன். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பில் தப்பு விடை சொன்ன பையனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

“பத்துக்கு மூணரை. அப்ப முப்பத்தஞ்சு பெர்சன்ட். முப்பத்தெட்டு வருஷமா நான் அதுக்குப் பாஸ் போட்டிருக்கேன் தம்பி, நீங்க எப்புடிப் பெயிலாக்குறீங்க?”

இடப்பக்கத்துப் பிரேக்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வெள்ளைக் கார் ஒன்று கரகரவென்று வந்து நின்றது. ஓட்டி வந்தவள் செல்வி. பக்கத்தில் அவளுடைய மாமனார். காருக்குச் சொந்தக்காரரான செல்வியின் புருஷன் குமார் குவைத்தில் இருக்கிறார். எங்கள் ஊரில் இது சகஜம். வண்டி இங்கே நிற்கும், முதலாளி அங்கே நிற்பார். கோயில் குளத்துக்குப் போக வேண்டுமென்றால் ஆக்டிங் டிரைவர் வருவார். மற்ற நாளெல்லாம் வண்டி ஷெட்டில் தார்ப்பாய்க்குள் இருக்கிறது என்பது குமாரின் நம்பிக்கை.

“அண்ணே, நான் ஓட்டப் பழகுனது அவுகளுக்குத் தெரியாது” என்றாள் செல்வி. “வர்ற வெள்ளிக்கிழம அவுக திருச்சி ஏர்போர்ட்டுல எறங்குறாக. நானே ஓட்டிட்டுப் போயி முன்னாடி நிக்கணும். ஒனக்கு ரோட்டத் தாண்டவே பயம்னு சொல்லிச் சொல்லியே சாவியத் தொட விட்டதில்ல. முன்னாடியே தெரிஞ்சா டிரைவரப் போட்டுருவாக. அப்புறம் எனக்குச் சாவி கெடைக்கவே கெடைக்காது.”

சக்கரத்தைக் கழற்றினேன். புதுசாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான், பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே ஓட்டியிருக்கிறாள். பேட் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. அதைச் சொன்னதும் மாமனார் மருமகளுக்காக வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்.

“ஆத்தாவக் கொற சொல்லாதீங்க தம்பி. எடப்பக்கம் உக்காந்து ஏழு மாசமா நான் மிதிச்ச மிதிக்கு, அந்தப் பக்கம் பிரேக்கு இருந்திருந்தா வண்டியே தேஞ்சிருக்கும்.”

குவைத்திலிருந்து ஒரு கேள்வி

பழைய பேடைக் கழற்றி வைத்திருந்த நேரம் பார்த்து மாமனாரின் போன் அடித்தது. வீடியோ காலில் குமார். பின்னால் ஸ்பேனர் தொங்குவதைப் பார்த்துவிட்டு, எங்கே இருக்கீங்க என்று கேட்டார். பெரியவருக்குப் பொய் வரவில்லை. “ஒர்க்‌ஷாப்புலப்பா” என்று சொல்லிவிட்டு, மீதிப் பொய்க்கு என் முகத்தைப் பார்த்தார். செல்வி சட்டென்று தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் வண்டிக்கு வேலை பார்த்தால் கழற்றின சாமானைக் கேமராவில் காட்டியாக வேண்டும். கேமராவைத் திருப்பிவிடச் சொல்லி, தேய்ந்த பேடை இப்படியும் அப்படியும் புரட்டிக் காட்டினேன். குமார் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். விவரமான ஆள்.

“எல்லாஞ் சரிண்ணே. ஷெட்டுல நிக்கிற வண்டிக்குப் பேடு எப்புடித் தேயும்?”

மூன்று மிதி

தூணுக்குப் பின்னாலிருந்து செல்வி கும்பிட்டாள். நானும் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். “நிக்கிற வண்டிக்குத்தான் தம்பி டிஸ்குல துரு ஏறும். துரு ஏறுனா பேட அரிச்சுப்புடும்.” இதில் பாதி உண்மைதான். மீதிப் பாதியை எப்படி ஒப்பேற்றுவது என்று யோசித்துக்கொண்டே புதுப் பேடை மாட்டினேன், சக்கரத்தை மாட்டினேன், ஜாக்கியை இறக்கினேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். புதுப் பேட் மாட்டும்போது உள்ளே இருக்கிற பிஸ்டனைப் பின்னால் தள்ளித்தான் மாட்ட முடியும். மாட்டி முடித்ததும் பெடலை மூன்று நான்கு தடவை மிதித்து இறுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இருபது வருஷத்தில் நான் அதை மறந்ததே இல்லை. அன்றைக்கு மறந்தேன். துரு ஒரு பக்கமா ரெண்டு பக்கமா என்று இன்னும் போனில் இருந்த குமார் கேட்க, மறுபக்கம் கழற்றின பழைய பேடை எடுத்துவர உள்ளே போனேன்.

அந்த நேரத்தில், வேலை முடிந்த பால் வேன் ஒன்று வெளியே போக வழி கேட்டு ஹாரன் அடித்தது. என் வேலையும் முடிந்தது என்று நினைத்து, செல்வி வண்டியில் ஏறி ரிவர்ஸ் எடுத்தாள். என் வாசல் ரோட்டை நோக்கிச் சரிவு. ரோட்டில் பஸ் வருகிற சத்தம் கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன். அவள் பிரேக்கை மிதிப்பது தெரிந்தது, வண்டி நிற்காததும் தெரிந்தது. கத்தினேனா என்றுகூட ஞாபகமில்லை.

செல்வி கத்தவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து ஒரே இழுப்பு. பின் சக்கரம் தார் ரோட்டைத் தொடுகிற இடத்தில் வண்டி நின்றது. பஸ் திட்டிக்கொண்டே போனது. அவள் பெடலை நாலு தடவை மிதித்துப் பார்த்தாள், இறுகினதும் கியரைப் போட்டு வண்டியை ஓரமாக ஏற்றி நிறுத்தினாள்.

இத்தனை வருஷம் ஊருக்கே பாடம் சொன்னவன், செல்வியைப் பஸ்ஸுக்கு அடியில் தள்ளப் பார்த்திருக்கிறேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை. அப்போதுதான் மாமனாரைப் பார்த்தேன். பதறிப் போய் நின்ற மனிதர், போனை அப்படியே நீட்டிப் பிடித்திருந்தார். பேடைக் காட்டத் திருப்பிவிட்ட கேமரா, நடந்த அத்தனையையும் குவைத்துக்குக் காட்டியிருந்தது.

போனை வாங்கினேன். “தம்பி, தப்பு என்னோடது. பெடல மிதிக்காம விட்டுட்டேன். துருன்னு சொன்னதும் பொய்தான்.” செல்வி வந்து போனைக் கையில் எடுத்தாள். “ஏழு மாசமா ஓட்டுறேன். ஏர்போர்ட்டுக்கு நான் வரலாம்னு இருந்தேன்” என்றாள். போன் கட்டாகிவிட்டதோ என்று மாமனார் எட்டிப் பார்த்தார். கட்டாகவில்லை. குமார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அந்த மெக்கானிக்க நம்பாத செல்வி. டிரைவர் எவனும் வேணாம், வெள்ளிக்கிழம நீயே ஓட்டிட்டு வா.”

ஆக, செல்விக்குத் திருச்சி வரைக்கும் ரோடு கிடைத்தது, எனக்கு அறந்தாங்கி வரைக்கும் கெட்ட பேர் கிடைத்தது, இரண்டுமே அவரவர் சொந்த உழைப்பில் சம்பாதித்ததுதான்.