சால்டரிங் ஸ்டேஷனும் பீரோ சாவியும்

தொண்ணூறுகளின் நடுவில், கேபிள் டி.வி. தெருத்தெருவாகப் பரவிக்கொண்டிருந்த சமயம். பாளையங்கோட்டையில் நானும் என் நண்பர் ஒருவரும் கூட்டாகச் சர்வீஸ் கடை வைத்திருந்தோம். டி.வி., வீடியோ டெக், கேபிள்காரர்கள் கொண்டுவரும் சாட்டிலைட் ரிசீவர் எல்லாம் பழுது பார்ப்போம். நான் இயற்பியலில் முதுகலை வரை படித்தவன். அவர் பாலிடெக்னிக் டிப்ளமோ. வேலையில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

ரிசீவருக்குள் இருக்கும் சின்ன ஐ.சி.க்களை, ஈயம் பற்றவைக்கும் சாதாரண சால்டரிங் அயனால் தொட்டால், சூடு கூடி போர்டில் உள்ள செம்புக் கோடே பெயர்ந்து வந்துவிடும். அதற்காகவே சென்னையிலிருந்து ஒரு சால்டரிங் ஸ்டேஷன் வரவழைத்தோம். ஒரு பெட்டி, அதிலிருந்து நீளும் வயரின் முனையில் பேனா போல ஒரு கைப்பிடி; அதன் நுனிதான் சூடேறும். எவ்வளவு சூடு வேண்டுமோ அந்த அளவுக்குப் பெட்டியிலுள்ள குமிழைத் திருப்பி வைத்தால் போதும். கைப்பிடிக்குள் இருக்கும் சென்சார் சூட்டைப் பார்த்துப் பெட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் காலையில் அதன் நுனியில் பச்சை பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்தது. கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை.

"வீட்டுல குடம் ஓட்டை வே. தண்ணி வார நேரம், வீட்டுக்காரி ஒரே சத்தம். கொண்டாந்து இதுல ஒரு இழுப்பு இழுத்தேன். கும்முன்னு ஒட்டிக்கிட்டு."

"குடம் ஒட்டவா வே இதை மெட்ராஸ்ல இருந்து வாங்குனோம்?"

"கோவப்படாதேயும். ஒம்ம வீட்டுக் குடம் ஓட்டையா இருந்தாலும் கொண்டாரும்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்று முதல் கடை அடைக்கும்போது ஸ்டேஷனை ஸ்டீல் பீரோவில் பூட்டத் தொடங்கினேன். கைப்பிடி ஆறுவதற்குக்கூடக் காத்திராமல், வயரைப் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டி உள்ளே வைப்பேன். சாவி என் சட்டைப் பையில்.

"என்ன வே, நகைநட்டு மாதிரி பூட்டுதீரு?" என்று கேட்டார்.

"தூசி படும்லா" என்றேன்.

சில வாரங்கள் போயின. ஸ்டேஷனின் நுனி அடிக்கடி கருகத் தொடங்கியது. ஈயம் ஒட்டாது. புது நுனி போட்டாலும் அதே கதை. நான் பூட்டிய பிறகும் இவர் எடுத்து உபயோகிக்கிறார் என்று என் மனம் உடனே தீர்மானித்துவிட்டது. வெயிலுக்குச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பனியனோடு வேலை செய்வது என் வழக்கம். அந்த நேரத்தில் சாவியைச் சோப்பில் அழுத்தி அச்செடுத்திருப்பாரோ? சொல்ல வெட்கமாக இருக்கிறது, சாவியை மூக்கருகில் வைத்து முகர்ந்து பார்த்தேன்.

குமிழின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். மறுநாள் கோடு நகரவில்லை. சரியாகத் திருப்பி வைத்திருக்கிறார் என்று எண்ணினேன். பீரோ கதவிடுக்கில் ஒரு நூலை ஒட்டினேன். நூலும் அப்படியே இருந்தது. நூலைக்கூடக் கவனித்திருக்கிறார், பலே ஆள்தான் என்று நினைத்தேன். அவர் குற்றமற்றவர் என்று காட்டிய ஒவ்வொன்றையும் அவருடைய சாமர்த்தியத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். இவ்வளவு படித்தவன் செய்த சோதனை இது.

அவரே ஒருநாள் சொன்னார்: "சூடு தறிகெட்டு ஏறுது வே. திறந்து பாத்துருவமா?"

திறந்தால் தடயத்தை அழித்துவிடுவார் என்று தோன்றியது. "கம்பெனிச் சாமானைத் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகுதான் அது நடந்தது. டவுணில் கேபிள் நடத்துகிறவர் ஒருவர், எங்களுக்கு முக்கியமான வாடிக்கையாளர், ரிசீவரோடு வந்து உட்கார்ந்திருந்தார். நண்பர் ஐ.சி.யில் நுனியை வைத்த மாத்திரத்தில் புகை வந்தது. செம்புக் கோடு சுருண்டு எழுந்தது. போர்டு போயிற்று. கேபிள்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

நான் அவரைப் பார்த்துச் சொன்னேன்: "மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி. இவரு எனக்குத் தெரியாம கள்ளச்சாவி போட்டு எடுத்துக் குடத்துக்கெல்லாம் ஒட்டுப் போடுதாரு. மெசினு எப்படி உருப்படும்?"

நண்பர் கைப்பிடியைப் பைய ஸ்டாண்டில் வைத்தார். தன்னுடைய ஸ்க்ரூ டிரைவர்களைப் பொறுக்கிப் பையில் போட்டார்.

"ஒரு குடத்துக்கா வே இம்புட்டு?" என்றார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த சில நாட்கள் நான் மட்டுமே கடையில். பீரோ பூட்டை மாற்றினேன். புது நுனி போட்டேன். அப்படியும் ஒரு மத்தியானம், என் கையிலேயே நுனி சிவந்து, வைத்த இடம் கருகியது. இப்போது யாரைச் சொல்வது?

பெட்டியைத் திறந்தேன். டிரான்ஸ்பார்மர் சரி, குமிழ் சரி, உள்ளே எல்லாம் சரி. கடைசியில் சென்சார் வயரில் மீட்டரை வைத்தேன். முள் ஒழுங்காக நின்றது. கைப்பிடியை லேசாக வளைத்ததும் முள் விழுந்தது. நிமிர்த்தினால் எழுந்தது. கைப்பிடிக்குள் வயர் நுழையும் இடத்தில் ரப்பரைக் கீறிப் பார்த்தேன். சென்சாரின் மெல்லிய கம்பி அறுந்து, தொட்டும் தொடாமலும் கிடந்தது. தொடர்பு விட்டதும் பெட்டி, நுனி குளிர்ந்து கிடப்பதாக நினைத்து மேலும் மேலும் சூடேற்றியிருக்கிறது.

அங்கே ஏன் அறுந்தது? ரப்பரில் மடிப்புத் தடம் இருந்தது. பழக்கத்தில் வயரைப் பெட்டியைச் சுற்றிப் பார்த்தேன். முதல் சுற்று மிகச் சரியாக அந்தத் தடத்தில் போய் உட்கார்ந்தது. அவர் எடுக்கக் கூடாதென்று நான் சூட்டோடு இறுக்கிக் கட்டிய கட்டுத்தான் கம்பியை அறுத்திருக்கிறது.

மூலையில் கிடந்த பழைய அயனைச் சூடாக்கி, அறுந்த இடத்தை வெட்டியெடுத்து மறுபடி பற்றவைத்தேன். ஸ்டேஷன் நன்றாக வேலை செய்தது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

டவுணில் வேறொரு கடையில் நண்பர் மேஜை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அப்போதும் உண்மை உடனே வாயில் வரவில்லை.

"வயர்தான் வே கோளாறு. எலி கடிச்சிருக்கு" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "பீரோவுக்குள்ளயா? ஏன்வே, எலிக்கும் ஒரு சாவி வெட்டிக் குடுத்திருந்தீரோ?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன். நூல், பென்சில் கோடு, சோப்பு வாசனை, எதையும் விடவில்லை. நண்பர் வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட எதுக்கு வே சொல்லுதீரு? நான் எடுக்கலைன்னு எனக்குத்தான் தெரியுமே. அந்த கேபிள்காரர்ட்ட போய்ச் சொல்லும். எனக்கு அவரு சாமான் தர மாட்டேங்காரு."

அங்கிருந்து நேராகப் போனேன். ரத வீதியில் ஒரு மாடியில் கேபிள்காரரின் அலுவலகம். தப்பு என்னுடையதுதான், வயரை நான்தான் கெடுத்தேன், நண்பர் கள்ளச்சாவி எதுவும் போடவில்லை என்று விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க தங்கமான மனுசன் அண்ணாச்சி. அவ்வளவு பண்ணினவரக் காப்பாத்தணும்னு பழியத் தூக்கி நீங்க போட்டுக்கிடுதீய. எனக்குத் தெரியாதா?"

"இல்ல அண்ணாச்சி, நெசமாவே நான்தான்..."

"விடுங்க விடுங்க. காப்பி குடிங்க."

காப்பி வந்தது. இன்னும் ஒருமுறை அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஸ்டேஷனையே கொண்டுபோய் அந்தத் தடத்தைக் காட்டியிருக்கலாம். நான் காப்பியைக் குடித்தேன். அவர் சொன்னது காதுக்கு இதமாகவும் இருந்தது.

நண்பர் திரும்பி வரவில்லை. அந்தக் கேபிள்காரரும் கடைசிவரை அவருக்கு வேலை கொடுக்கவில்லை. இந்த வயதில் யாராவது என்னை நல்ல மனிதர் என்று சொன்னால், நான் பேசாமல் இறங்கி வந்த அந்த மாடிப்படிகள்தான் கண்ணில் நிற்கின்றன.