பீரோ திரும்பாத சந்து

"...ஒரு சாண்தானே அண்ணாச்சி, இதுக்குப் போயி தாராவி குறைஞ்சிரப் போவுதா?" என்றார் எதிர்வீட்டுக்காரர், தன் வீட்டு முன்சுவரைச் சந்துப் பக்கம் தள்ளிக் கட்டிக்கொண்டே.

அவர் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சும்மா இருப்பேனா? அடுத்த மழைக்காலத்துக்கு முன் நானும் என் சுவரை ஒரு சாண் தள்ளினேன். அதில் எனக்குக் கிடைத்தது, ஒரு தகரப்பெட்டி வைக்கிற இடம். நடுவில் இருந்த சந்தில் குடையை விரித்தால் இரண்டு பக்கமும் இடித்தது.

பேராசை கெட்டதா என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தச் சந்துதான் ஞாபகம் வரும். ஆனாலும் எல்லா ஆசையையும் குறை சொல்ல மனசு வராது. எதிர்வீட்டுக்காரர் மனைவி ஒரு இரும்பு பீரோவுக்கு ஐந்து வருஷமாக ஆசைப்பட்டார். அதற்காக இவர் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார். அதில் என்ன தப்பு?

பீரோ கிங்ஸ் சர்க்கிளிலிருந்து கைவண்டியில் வந்தது. சந்துக்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாசலில் திருப்பத்தான் இடமில்லை. மழை தூற ஆரம்பித்தது. அந்த அம்மா முந்தானையால் பீரோவைத் துடைத்தபடியே நின்றார்.

"ரெண்டு வீட்ல யாராவது ஒரு சாண் விட்டாத்தான் உள்ள போவும்" என்றார் வண்டிக்காரர்.

நான் என் சுவரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தேன்.

எதிர்வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்துவந்து, தான் கட்டிய சுவரிலேயே ஓங்கிக் குத்தினார்.