சிலேட்டில் எழுதிய தெரு

அந்த இரண்டு படங்களிலும் ஒரே ஆடு படுத்திருக்கும். பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டுப் படியில் முன்னங்காலை மடக்கிக்கொண்டு, கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆட்டுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்த சைக்கிள். தெருவில் புதுத் தார் பளபளக்கும். ஓரத்திலிருந்து ஒரு பெண்ணின் கை சிலேட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே நீண்டிருக்கும். கட்டைவிரலில் வெள்ளைத் துணிக் கட்டு. முதல் படத்தில் சிலேட்டில் பள்ளிவாசல் தெரு என்று எழுதியிருக்கும். இரண்டாவது படத்தில் கிணற்றுத் தெரு.

கை என்னுடையது. எழுத்தும் என்னுடையது. கிணற்றுத் தெரு நான் பிறந்து வளர்ந்து இன்றும் குடியிருக்கும் தெரு.

பத்தாவது முடித்ததும் எங்கள் ஊர் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். கவுண்டரில் உட்கார்ந்து படங்களைக் கட்டரில் வெட்டி, கவரில் போட்டு, மேலே பெயர் எழுத வேண்டும். யாராவது ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிடும். ஆனால் எழுத்து நன்றாக இருக்கும். வாய் பேசாததைக் கை பேசும் என்று ஓனர் சொல்வார்.

அந்தக் காலத்தில் ஒரு தெருவுக்கு ரோடு போட்டால், பில்லோடு படத்தையும் சேர்த்து நகராட்சியில் கொடுத்தால்தான் பணம் வரும். எந்தத் தெரு என்று படத்திலேயே தெரிய ஒரு சிலேட்டில் பெயர் எழுதிப் பிடிப்பார்கள். எங்கள் ஊரில் ரோடு வேலையெல்லாம் ஒரே கான்ட்ராக்டர்தான் எடுப்பார். அவருடைய மேஸ்திரியின் எழுத்தை யாராலும் படிக்க முடியாது. ஒருநாள் கான்ட்ராக்டர் கடைக்குள் வந்து கவர்களைப் புரட்டிப் பார்த்தார்.

“இன்னாப்பா, உன் கடப் பொண்ணு எழுத்து அச்சடிச்ச மாதிரி கீது. இன்னிக்கி அதையும் இட்னு வா.”

அன்று காலையில்தான் கட்டரில் கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன். கட்டோடு ஓனரின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து போனேன். பள்ளிவாசல் தெருவில் தார் இன்னும் சூடாக இருந்தது. செருப்பு ஒட்டியது. எழுதினேன், பிடித்தேன், ஓனர் படம் எடுத்தார். முடிந்தது என்று சிலேட்டை நீட்டினேன். கான்ட்ராக்டர் வாங்கவில்லை.

“அதத் தொடச்சிட்டுக் கிணத்துத் தெருன்னு எழுதும்மா.”

நான் அவரைப் பார்த்தேன். ஓனரைப் பார்த்தேன். ஓனர் கேமராவுக்குள் கண்ணை வைத்துக்கொண்டார்.

“இன்னா பாக்குற? ‘கி’ எழுத வராதா?”

ரோலர் ஓட்டுபவர் சிரித்தார். நாளைக்கு எங்கள் தெருவுக்கும் போடப்போகிறார்கள், படத்தை முன்கூட்டியே எடுத்து வைக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துப்பட்டா நுனியை எச்சிலில் நனைத்துத் துடைத்தேன். எழுதினேன். ‘கி’ அழகாகவே வந்தது.

எங்கள் தெருவுக்கு ஜல்லி வரவில்லை. தார் டிரம் வரவில்லை. மழை வந்தது. தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுத் தண்ணீர் ஓடும் கால்வாய் எங்கள் தெரு முனையில்தான் திரும்புகிறது. மழையில் அது நிரம்பி வழிந்தால் தெரு முழுக்கக் கருப்புச் சேறு. நடப்பதற்காக அவரவர் வாசலில் கல் போட்டு வைத்திருந்தோம். கல்லுக்குக் கல் தாண்டித்தான் போக வேண்டும்.

தெருக்காரர்கள் சேர்ந்து நகராட்சியில் மனு கொடுக்கப் போனார்கள். பக்கத்து வீட்டு ஆபாவும் போனார். அவர் உருதுக்காரர், எனக்கு அக்கா முறை போல. திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்று என் அம்மாவிடம் சொன்னார்.

“ரோடு போட்டாச்சாம் அம்மா. போட்டோவே கீதாம். எடுத்துக் காட்டினாங்க.”

“எந்த ரோடு?”

“நம்ம ரோடுதான். நல்லா கருகருன்னு கீது. இனிமே போட்டோலயே நடந்துக்கலாம், காலுல சேறு படாது.”

அம்மா சிரித்தார். நான் உள்ளே அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். விரலில் கட்டியிருந்த துணியை எப்போதோ அவிழ்த்திருந்தேன், தழும்பு மட்டும் இருந்தது. அதை மற்ற கையால் மூடிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த மழையில் அம்மா தண்ணீர்க் குடத்தோடு இரண்டாவது கல்லில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆட்டோ தெருவுக்குள் வராது. நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை போனார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அம்மா கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது. அதன்பின் ஆறு வருடம் கட்டில்தான். கட்டிலிலிருந்து என்னிடம் கேட்பார்.

“நீ போட்டோ கடையிலதான கீற. அந்த கான்ட்ராக்டரு வர்றாரு போறாரு. ஒரு வார்த்த கேளேன்டி.”

அவர் வரத்தான் செய்தார். மகள் கல்யாண ஆல்பத்தின் அட்டையில் பெயர் எழுதி வாங்க வந்தார். “எழுத்துக்காரப் பொண்ணு, நல்லா கீறியா?” என்றார். நான் சிரித்தேன். அவர் செய்ததை மன்னிக்க முடியாது என்பது எனக்கு எப்போதும் தெரியும். என்னுடைய அந்தச் சிரிப்பையும் நான் மன்னிக்கவில்லை. அதையும் அவர் கணக்கிலேயே எழுதி வைத்தேன்.

அம்மா போனபின், வேறு யாரோ எங்கள் தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்டார்கள். ஸ்டுடியோ மூடும்போது ஓனர் பழைய நெகட்டிவ் பெட்டிகளைக் காட்டி, “வேணும்னா எடுத்துக்கோ, இல்லன்னா எடைக்குப் போட்டுடுவேன்” என்றார். ரோடு படங்கள் இருந்த பெட்டியை மட்டும் எடுத்து வந்தேன். பீரோவில் அம்மா புடவைக்கு அடியில் வைத்தேன். நான் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனேன். இன்னும் போகிறேன்.

போன வருடம் ஒரு இளம் வாத்தியார் என்னைத் தேடி வந்தார். ஊர்த் தெருக்களுக்கு ரோடு போட்ட பழைய படங்களைச் சேர்த்துப் பள்ளிக்கூட ஹாலில் வைக்கப்போகிறார்களாம். பெட்டியைத் திறந்தேன். பஜார் தெருவைத் தோண்டிப் போட்ட பள்ளத்தில் தோல் மூட்டை வண்டி ஒன்று சக்கரம் இறங்கி நிற்கும் படம். காலில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு தார் வாளி தூக்கும் பெண்கள் படம். வாத்தியார் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து ஆசையாகப் பார்த்தார்.

“இதெல்லாம் போட்டவருதான்க்கா சீஃப் கெஸ்ட். வியாபாரிங்க சங்கத்துல அவருக்குக் கல்வெட்டே ரெடி பண்ணிட்டாங்க. உங்க தெரு முனையிலதான் நட்டு வெக்கப்போறாங்க.”

“எங்க தெருவுலயா? எதுக்கு?”

“கிணத்துத் தெருவுக்கு மொத மொதல்ல தார் ரோடு போட்டவரு அவருதானாமே. அதத்தான் கல்லுல வெட்டியிருக்காங்க.”

அம்மா விழுந்த இடத்திலிருந்து தெரு முனை இருபது அடி. அங்கே அந்தக் கல் நின்றால், நான் தினமும் கம்பெனி வண்டி ஏற அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“படம் எல்லாம் தர்றேன் சார்,” என்றேன். “கீழ எழுதுறதும் நானே எழுதித் தர்றேன்.”

வேலூருக்குப் போய் அந்த இரண்டு படங்களையும் பெரிதாகப் போடக் கொடுத்தேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, “ஓரத்துல ஒரு கை வருதுக்கா. சிலேட்ட மட்டும் வுட்டுட்டுக் கைய எடுத்துடலாம், நீட்டா இருக்கும்” என்றார். எடுத்துவிடுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. கை போனால் நான் தப்பித்துவிடுவேன். ஆனால் கட்டும் போய்விடும். ஆட்டையும் சைக்கிளையும் பார்த்தபின்னும் இரண்டும் ஒரே தெரு என்று ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு அந்தக் கட்டுதான் சாட்சி.

“இருக்கட்டும்,” என்றேன்.

அந்த வாரம் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவை. “ஞாயித்துக்கிழம நம்ம தெரு போட்டோ வெக்கிறாங்க, வாங்க.” அதற்குமேல் சொல்லவில்லை. நான் பேசுகிறேன் என்பதற்காகவே பாதிப் பேர் வருவதாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட கேட்டில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. அதில் மஞ்சள் துணி சுற்றிய கல். ஹாலில் பின்பக்கம் பிரியாணி அண்டா இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு படங்களையும் மேடைக்குப் பக்கத்தில், கான்ட்ராக்டர் நாடாவை வெட்டிவிட்டு நிற்கவேண்டிய இடத்தில் அடுத்தடுத்து மாட்டியிருந்தேன். கீழே தெருப் பெயர் மட்டும் எழுதியிருந்தேன்.

அவர் கைத்தடியோடு வந்தார். சால்வை போட்டார்கள். நாடாவை வெட்டினார். பின்னால் எங்கள் தெருக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். ஆபா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படத்துக்கு முகத்தைக் கொண்டுபோனார்.

“அரே, இது பள்ளிவாசல் தெரு பச்சக் கதவு வூடு. அவங்க ஆடுதான் இது. நம்ம தெருவுக்கு எப்ப வந்திச்சி?”

“ரோடு பாக்க வந்திருக்கும் ஆபா,” என்றார் ஒருவர்.

“வூட்டையும் சேத்து இட்னு வந்துச்சா?”

சிரிப்பு கிளம்பியது. சங்கத்துக்காரர் ஒருவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு கான்ட்ராக்டரைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. “அப்ப எங்க தெரு ரோடு எங்க சார்?” என்று யாரோ கேட்டார்கள். கான்ட்ராக்டர் கைத்தடியை ஊன்றி என் பக்கம் திரும்பினார். என்னை அவர் முன்பே அடையாளம் கண்டிருக்கிறார்.

“அந்தக் கை உன்னுதுதானம்மா?” மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. அதற்காகத்தான் கேட்டார்.

“ஆமா,” என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். “என் கைதான். என் எழுத்துதான். நீங்க சொல்லித்தான் தொடச்சி எழுதினேன். அதனாலதான் எனக்குத் தெரியும்.”

அவர் வாய் திறந்து மூடியது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நான் பார்க்க ஆசைப்பட்டது அதுதான். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன்.

சாப்பிடாமல் போய்விட்டார். சங்கத்துக்காரர்கள் மூலையில் நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். துணி அவிழ்க்காத கல்லோடு லோடு ஆட்டோ வந்த வழியே திரும்பியது. அது எங்கே கிடக்கிறதோ, எனக்குத் தெரியாது.

ஆபா என்னிடம் வந்து, “நீயா எழுதுன?” என்று கேட்டார்.

“நான்தான் ஆபா.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவர் எனக்கு முன்னால் தனியாக நடந்து வீட்டுக்குப் போனார். இன்றைக்கும் முன்போலப் பேசுவதில்லை. அது எனக்கு வரவேண்டியது, வந்தது. வாங்கிக்கொண்டேன்.

கான்ட்ராக்டர் சாயங்காலம் பஜாரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காருவார். கம்பெனி வண்டியிலிருந்து நான் இப்போது இரண்டு ஸ்டாப்பிங் முன்னாலேயே இறங்கிக்கொள்கிறேன். அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. டீக்கடைக்கு எதிரே வரும்போது நடையை மெதுவாக்குவேன். என்னைக் கண்டதும் அவர் கிளாஸோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் திரும்பி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவேன்.