பாட்டுக்கு மட்டும் அனுமதி

எண்பதுகளில் சங்கரன்கோவிலில் மைக்செட் போட்டவர் அவர். ஒல்லி உடம்பு, தோளில் வயர்ச் சுருள். விரல்கள் சும்மா இருக்காது. எதைத் தொட்டாலும் தாளம்தான்.

விசைத்தறித் தொழிலாளர்கள் நாங்கள் கூலி உயர்வு கேட்டுத் தெருவில் உட்கார்ந்தோம். பாட்டுப் போடலாம், யாரும் பேசக்கூடாது என்றது போலீஸ். கப்பலில் வேலை பார்த்த தன் தம்பி கொடுத்த கேசட்டை அவர் போட்டார். அதில் கொட்டுச் சத்தத்தின் மேல் அமெரிக்கக் கறுப்பர் ஒருவர் ஆங்கிலத்தில் கொதித்துப் பேசினார்.

ஏட்டு ஓடிவந்தார். “ஏலே, இது பேச்சுல்லா?”

“கொட்டு கேக்குதுல்லா ஏட்டையா? பாட்டுதான்.”

உட்கார்ந்திருந்த நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றோம்.

“அர்த்தம் தெரியுமா அண்ணாச்சி?” என்றேன்.

“தெரியாது வே. ஆனா கெஞ்சுத குரல் இல்ல.”

இன்றும் யாராவது மேடையில் கெஞ்சிப் பேசினால், என் விரல்கள் அந்தத் தாளத்தை நாற்காலியில் தட்டத் தொடங்கிவிடுகின்றன.