ஆரோக்கியம் அக்கா மாற்றிக் கொடுத்த இடம்

ஏலக்காய் பறிக்கப் போகும் எங்கள் ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. போடிமெட்டு மலை வளைவுகளில் வாந்தி எடுக்கிறவர்கள் பின்னோரத்தில்தான் உட்கார வேண்டும். மாசமாக இருந்த எனக்கு அன்று அந்த இடம். எங்களோடு பறிக்க வரும் ஆரோக்கியம் அக்கா உள்ளேயிருந்து எழுந்து வந்தார்.

"ரெண்டு உசிரா இருக்க. என் எடத்துக்குப் போ ஆத்தா. வாந்தி வந்தா இதுல எடு" என்று தன் தலைத்துண்டை என் கையில் திணித்தார்.

கொள்ளாத அளவுக்கு ஆட்களை ஏற்றியிருந்தார்கள். ஒரு வளைவில் ஏற முடியாமல் ஜீப்பு பின்னால் சறுக்கிப் பாறையில் மோதியது. பின்னோரத்தில் இருந்த அக்கா நசுங்கிப் போனார்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் "கடவுள் சித்தம்" என்றார்கள். எனக்குக் கொதித்தது.

"என்னைய உசிரோட வச்சுக்கிட்டு அக்காவக் கொல்ற சாமி என்ன சாமி?" என்று கத்திவிட்டேன்.

அக்காவின் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார்.

"ஆண்டவர் மேல பழியப் போடாத தாயி. வண்டியில ஆள அடைச்சவன் கொன்னான். அவ எந்திரிச்சு எடங் குடுத்தா பாரு, ஆண்டவர் அங்கதான் இருந்தாரு."

அது என் துக்கத்தை ஆற்றவில்லை. மகள் பிறந்த பிறகு மறுபடி வேலைக்குப் போகிறேன். ஜீப்பில் இன்றும் அதே கூட்டம்தான். வாந்தி வருகிற பெண் யாராவது ஏறினால் உள்ளே அனுப்பிவிட்டு, பின்னோரத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் பயத்தில் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறேன். அக்காவுக்கும் அன்று இப்படித்தான் பயமாக இருந்திருக்கும் என்பது, அங்கே உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.