கை தூக்கும் வரை

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவன். கண்ணாடிக்கு அடியில் தெரிவதை எண்ணி எழுதுவதுதான் என் பிழைப்பு. இல்லாததை எழுதினால் ஒருவர் உயிருக்கே ஆபத்து. பதினாறு வருஷத்தில் ஒரு எண்ணைக்கூடக் கற்பனையாக எழுதியதில்லை. அதே பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன். நேரம் எல்லாம் என் கைக்கடிகாரத்தில் பார்த்த நேரம். ஒரு நிமிஷம்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அன்றிலிருந்து நான் பஸ்ஸை நிறுத்தக்கூடக் கை காட்டுவதில்லை. ஓடிப்போய்த்தான் ஏறுகிறேன். தெருவில் யாராவது கையசைத்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். "ஆளுக்குத் தலைக்கனம் வந்துடுச்சு" என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

எங்கள் ஊர் கிரிக்கெட் கிளப் பெரிய கிளப் எல்லாம் இல்லை. பதினோரு பேர் சேர்வதே அதிசயம். சேர்ந்துவிட்டால் அன்றைக்கு மழை வரும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மைதானம். ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், ஒரு ஸ்கோர் புத்தகம், நான். அம்பயர் என் மாமனார். இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸிலும் அவர் சொன்னால்தான் வண்டி நகரும், மைதானத்திலும் அப்படித்தான்.

கிரிக்கெட்டில் ஒரு வழக்கம் உண்டு. அம்பயர் சைகை காட்டினால், ஸ்கோரர் தன் இடத்திலிருந்து கையைத் தூக்க வேண்டும். 'பார்த்துவிட்டேன், எழுதிக்கொண்டேன்' என்று அர்த்தம். அதுவரை அம்பயர் சைகையை நிறுத்த மாட்டார். அவுட்டுக்குக் கை தூக்கத் தேவையில்லை என்பார்கள். ஆனால் மாமாவின் சட்டத்தில் அதற்கும் உண்டு. "நீங்க கை தூக்காம அவன் அவுட்டே இல்ல, மாப்ள" என்பார்.

ஒருமுறை நான் கீழே விழுந்த பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். மனிதர் விரலைத் தூக்கியபடி நாலு நிமிஷம் சிலை மாதிரி நின்றார். அவுட்டானவன் வெளியே வந்து, தண்ணீர் குடித்து, திரும்பிப் போய் "நான் அவுட்டா, இல்லையா?" என்று கேட்டான். ஊரே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பையன் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தபோது என்னிடம் சொன்னார்:

"அவுட்டான எவன் மாப்ள தலையாட்டாம போயிருக்கான்?"

போன சீசனின் கடைசி மேட்ச்சுக்கு மாமா வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய ரத்த ரிப்போர்ட்டை டைப் அடித்தவன் நான்தான். அந்த எண்களை இரண்டு முறை சரிபார்த்துத்தான் டைப் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டர், "இன்னைக்கு ராத்திரியத் தாண்டிட்டா பொழச்சுக்குவார்" என்று சொன்னார். நான் போக மாட்டேன் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். மாமாதான் விரட்டினார்.

"இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்து என்ன ஆகப் போகுது? போங்க மாப்ள. புக்கை முடிச்சு எடுத்துட்டு வாங்க. ஒரு பார்வை பாக்கணும்."

வாசல்வரை என் மனைவி வந்தாள். "ஆறரைக்குள்ள வந்துடுங்க."

"வந்துடுறேன்."

மேட்ச் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கால் ஆடிக்கொண்டே இருந்தது. அம்பயராக நின்றவர் சலூன்காரர். அவர் தீர்ப்பை யாரும் எதிர்ப்பதில்லை. நாளைக்கு அவர் கத்திக்குத்தானே கழுத்தை நீட்ட வேண்டும்? மாமாவின் வெள்ளைக் கோட்டு கொட்டகை ஆணியில் தொங்கியது. போட்டுக்கொள்ளச் சொன்னேன். "அது பெரியவர் கோட்டு. நான் போடமாட்டேன்" என்று சட்டையோடு போய் நின்றார்.

5.34க்குக் கடைசிப் பந்து. வெளியூர் அணிக்கு ஒன்பது விக்கெட் போயிருந்தது. ஐந்து ரன்னில் ஜெயித்தோம். நான் முதலில் ஸ்கூட்டருக்குத்தான் ஓடினேன். அது மைதானத்துக்கு அந்தப் பக்கம், கேட்டுக்கு அருகே நின்றது. கொட்டகைக்குள் போன் கூடாது என்பதும் மாமாவின் சட்டம். சீட்டுக்கு அடியில் சைலன்ட்டில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தேன். மணி 5.40. மனைவியின் செய்தி இருந்தது. 'அப்பா தூங்குறாங்க. பயப்படாதீங்க.'

எனக்கு உயிர் வந்தது. போனைத் திரும்பவும் அங்கேயே வைத்தேன். வைக்காமல் இருந்திருக்கலாம்.

5.58க்கு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பிட்ச்சில் விரித்த பாயைச் சுருட்டிக் கொட்டகையில் போட்டாயிற்று. ஸ்டம்புகளை நானே எண்ணிப் பைக்குள் வைத்தேன். ஆறு. எங்கள் கேப்டனான மெக்கானிக் கொட்டகைச் சாவியைக் கொடுத்தான்.

"சீசன் முடிஞ்சுதுண்ணே. பூட்டிட்டுப் போங்க."

பத்து நிமிஷ வேலைதான். புத்தகத்தில் கூட்டிச் சரிபார்க்க வேண்டும். பிறகு நேராக ஆஸ்பத்திரி.

6.10க்கு அதைக் கவனித்தேன்.

விக்கெட் விழ விழ, பக்கத்தின் அடியில் இருக்கும் ஒன்று முதல் பத்து வரையான எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவோம். ஒன்பது விக்கெட்தான் விழுந்தது. ஆனால் பத்தாவது எண்ணும் அடிபட்டிருந்தது. என் பேனா. என் மை. ஆனால் நான் அடித்ததாக நினைவே இல்லை.

மாமா பார்த்தால் மானத்தை வாங்கிவிடுவார். ஓவர் ஓவராகத் தேடினேன். ஒன்பதுதான். மறுபடி தேடினேன். ஒன்பதேதான். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஜன்னல் பக்கமாகப் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தேன்.

6.21.

டொக்... டொக்... டொக்...

அந்தச் சத்தம் கிரிக்கெட் ஆடியவர்களுக்குத் தெரியும். பந்துக்காகக் காத்திருக்கும் பேட்ஸ்மேன் மட்டையைத் தரையில் தட்டுவான். அந்தச் சத்தம்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். பிட்ச்சில் இரண்டு பேர்.

அந்தக் கோடியில் மட்டையுடன் ஒருவர், லேசாகக் கூனி நின்றார். இந்தக் கோடியில் அம்பயர். நீளமான வெள்ளைக் கோட்டு, தொப்பி. பந்து போட ஆளில்லை. பீல்டிங்குக்கு ஆளில்லை. சலூன்காரர்தான் யாரையோ சேர்த்துக்கொண்டு விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தது.

"அண்ணே, போதும் விளையாட்டு! நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

அம்பயர் திரும்பவில்லை.

டொக்... டொக்... டொக்...

வெள்ளைக் கோட்டு. அவர்தான் போடமாட்டேன் என்றாரே... பின்னால் திரும்பி ஆணியைப் பார்த்தேன். மாமாவின் கோட்டு அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அப்படியானால் அது யாருடைய கோட்டு?

குனிந்து பையைத் திறந்தேன். ஸ்டம்புகளைத் தடவி எண்ணினேன். ஆறு. ஆறும் இருந்தன. ஆனால் அங்கே, அந்தப் பேட்ஸ்மேனுக்குப் பின்னால், மூன்று குச்சிகள் நின்றன.

6.31.

அம்பயர் என் பக்கம் திரும்பினார். வலது கையை மெதுவாகத் தூக்கினார். ஒரு விரல்.

அவுட்.

என் கை பாதி வரை எழுந்துவிட்டது. பழக்கம். இழுத்து மேஜைமேல் வைத்தேன். எதற்காக அடக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏதோ ஒன்று, வேண்டாம் என்றது.

விரல் இறங்கவில்லை.

அந்தப் பேட்ஸ்மேன் நகரவில்லை. அவர் காலில் பேடு கட்டியிருக்கவில்லை. முழங்கால் வரை தொங்கும் தொளதொள சட்டை. முகம் தெரியவில்லை. ஆனால் என்னைத்தான் பார்க்கிறார் என்று தெரிந்தது. மட்டையைக் கீழே போட்டார். ஒரு கையை இடமும் வலமும் ஆட்டினார். திரும்பத் திரும்ப ஆட்டினார்.

அது நாலு ரன்னுக்கான சைகை. பேட்ஸ்மேன் எதற்கு நாலு காட்டுகிறார்? அப்புறம்தான் தோன்றியது. அவுட் இல்லை என்று மறுக்கிறார்... எல்லோரும் மறுப்பதுதானே.

6.38. அம்பயர் நடக்கத் தொடங்கினார். கொட்டகையை நோக்கி.

ஸரக்... ஸரக்... ஸரக்...

நின்றார். விரலைத் தூக்கினார். காத்திருந்தார்.

நான் கை தூக்கவில்லை.

மறுபடி நடந்தார்.

ஓடலாம் என்றால் கொட்டகைக்கு ஒரே கதவு. அது மைதானத்தைப் பார்த்த கதவு. ஸ்கூட்டர் அந்தப் பக்கம். போனும் அந்தப் பக்கம்.

6.44. பாதி மைதானம்.

தொப்பிக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடம் இருட்டாக இருந்தது. மற்ற இடத்தைவிட அங்கே இருட்டு அதிகம்.

பின்னால் அந்தக் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. இடம்... வலம்... இடம்... வலம்... இப்போது இரண்டு கைகளையும் ஆட்டினார்.

ஸரக்... ஸரக்...

6.49. எல்லைக் கயிறு.

6.51. பத்து அடி.

நின்றார்.

விரலைத் தூக்கினார்.

மூச்சு விடும் சத்தம் கேட்டது. என்னுடையதா... அதனுடையதா... தெரியவில்லை.

இன்னொரு அடி வைத்தது.

கை தானாகப் போனது என்று சொல்ல ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன். நான்தான் தூக்கினேன். அது போய்த் தொலைந்தால் போதும் என்று தூக்கினேன்.

6.52.

விரல் இறங்கியது.

கண்ணை மூடித் திறந்தேன்.

யாரும் இல்லை. அந்தக் கோடியிலும் யாரும் இல்லை. காலி மைதானம். சத்தமே இல்லை.

கொட்டகையைப் பூட்டினேனா என்றுகூட நினைவில்லை. புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடினேன். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினால் போன் மின்னிக்கொண்டிருந்தது. எடுக்காத அழைப்புகள் பதினொன்று. எல்லாம் என் மனைவி. முதல் அழைப்பு 6.31. கடைசி அழைப்பு 6.51.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது 7.15. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"எப்ப?"

"ஆறு அம்பத்திரண்டு."

உள்ளே போய்ப் பார்த்தேன். மாமா கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட தொளதொள சட்டை, முழங்கால் வரை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மனைவி பின்னால் வந்து நின்றாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"தூங்கிட்டுத்தான் இருந்தாங்க. ஆறரைக்குத் திடீர்னு முழிச்சாங்க. 'அந்த ஆளு தப்பா குடுக்குறான், நான் அவுட் இல்ல'ன்னாங்க. ஜுரத்துல உளர்றாங்கன்னு நெனச்சேன். அப்புறம் ஒரே பேச்சு. 'மாப்ளைக்குப் போனைப் போடு. கை தூக்க வேணாம்னு சொல்லு. எப்படியாச்சும் சொல்லு.' நானும் அடிச்சேன், அடிச்சேன்... நீங்க எடுக்கல. கையை இப்படி இப்படி ஆட்டிக்கிட்டே இருந்தாங்க."

ஆட்டிக் காட்டினாள். இடம்... வலம்... இடம்... வலம்.

"அப்புறம் அந்தக் கை அப்படியே விழுந்துடுச்சு."

புத்தகம் கக்கத்தில் இருந்தது. மாமா ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்று கேட்ட புத்தகம். அதில் இப்போது பத்து விக்கெட்டும் சரியாக இருந்தது.

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"என்னங்க... நீங்க எதுக்காச்சும் கை தூக்கினீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.